கூட்டிப் படிக்கிற எழுத்து

ஜிப்பக்காவுக்கு அந்தப் பெயர் பை கம்பெனியில் வந்தது. பல வருஷம் அங்கே ஜிப் பிரிவில் உட்கார்ந்திருந்தவள். யாராவது ஒரு பையின் ஜிப்பைத் தள்ளி நின்று இழுத்தாலே போதும், ரன்னர் தேய்ந்திருக்கிறதா, பல் விலகியிருக்கிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். கம்பெனியை மூடியபோது மற்றவர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். இவள் அங்கிருந்த பழைய மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு, பை, பெட்டி, குடை எது கிழிந்தாலும் உடைந்தாலும் சரிசெய்து தரும் கடை ஒன்றைத் திறந்தாள்.

கடை நல்ல இடத்தில்தான் இருந்தது. சரிவான சாலை. மேலே பஸ் நிறுத்தம், கீழே பள்ளிக்கூடம். காலையிலும் சாயங்காலமும் நடைபாதையில் ஆள் போய்க்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கடை இத்தனை காலம் பூட்டிக் கிடந்தது ஏன் என்று அவளும் கேட்கவில்லை, கட்டடக்காரரும் சொல்லவில்லை.

ஆனால் வியாபாரம் நடக்கவில்லை. ஷட்டருக்கு மேல் நீளமாக ஒரு போர்டு மாட்டியிருந்தார்கள். அதில் என்ன எழுதுவது என்பதில் அவளுடைய புருஷன்தான் ஜெயித்திருந்தான். லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்குப் பெரிய கட்டடங்களில் பார்த்த பெயர்களின் மேல் ஆசை. 'இன்டர்நேஷனல் லக்கேஜ் கேர் சென்டர்' என்று தங்க நிறத்தில் எழுத வைத்திருந்தான். முதல் மாதத்தில் அதைப் பார்த்து உள்ளே வந்த ஒரே ஆள், வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்ப முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

"உன் இன்டர்நேஷனலை நீயே வெச்சுக்கங்க," என்றாள் ஜிப்பக்கா, மரியாதையும் கோபமும் குழம்பி. "எனக்குக் கிழிஞ்ச பையோட யாராவது வந்தாப் போதும்."

அப்படித்தான் போர்டு எழுதுகிற பிரஷ் வந்து சேர்ந்தான். அவன் பிரஷ்ஷைத் தொட்டு வெகுநாளாகிவிட்டது. இப்போது எல்லாம் மெஷினில் வெட்டி ஒட்டுகிற எழுத்துதான். ஆனாலும் பழைய பெயர் போகவில்லை. சாலையின் எதிர்ப்பக்கம் நின்று போர்டைப் பார்த்துவிட்டு அவன் சிரித்தான்.

"அக்கா, இது யாருக்கு எழுதினது? எதிர்ல இருக்கிற சுவருக்கா? அது ஒண்ணுதான் இதை நேராப் பாக்குது."

"ஏன், போறவங்க வர்றவங்க பாக்கலையா?"

"போறவங்க சுவரை ஒட்டிப் போறாங்க. போர்டு அவங்க தலைக்கு மேல, பக்கவாட்டுல இருக்கு. யாரு கழுத்தைத் திருப்பி அண்ணாந்து பாத்துக்கிட்டு நடப்பாங்க? உங்களுக்கு ஆள் வரணும்னா சுவர்லருந்து நீட்டிக்கிட்டு நிக்கிற போர்டு வேணும். ரெண்டு பக்கமும் எழுத்து. மேலருந்து வர்றவங்களுக்கும் தெரியணும், கீழருந்து வர்றவங்களுக்கும் தெரியணும். நடையை நிறுத்தாமப் படிச்சிடணும். அதிகமாப் போனா மூணு வரி."

அளவெடுக்க வருவதற்கு முன் அவன் ஒரு வேலையும் கொடுத்துவிட்டுப் போனான். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் எதிர்ப்பக்கம் நின்று, யார் எப்படி வருகிறார்கள், கண் எங்கே போகிறது என்று கவனிக்கச் சொன்னான்.

மறுநாள் சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். கீழிருந்து பிள்ளைகளும் பெரியவர்களும் கூட்டமாக ஏறி வந்தார்கள். சற்று நேரம் ஒன்றும் தோன்றவில்லை. பிறகுதான் பார்த்தாள்.

அவளுடைய கடைக்கு ஐந்தாறு அடி முன்னால் வந்ததும் எல்லாரும் நடைபாதையிலிருந்து சாலையில் இறங்கினார்கள். கடையைத் தாண்டியதும் மறுபடி ஏறிக்கொண்டார்கள். அங்கே குழி இல்லை, குப்பை இல்லை. ஒருத்தியின் பேச்சு நிற்கவில்லை, கால் மட்டும் இறங்கிற்று. போனில் மூழ்கி வந்தவன் தலையைத் தூக்காமலே இறங்கினான். தாய் இறங்கினாள் என்று பிள்ளை இறங்கிற்று. அதைப் பார்த்துப் பின்னால் வந்த பிள்ளைகளும் இறங்கின. ஓடுகிற தண்ணீர் கல்லைச் சுற்றிப் போவதுபோல அந்தக் கூட்டம் முழுவதும் வளைந்து போனது. நடுவில் அவளுடைய வாசலுக்கு முன் நடைபாதை துடைத்து வைத்ததுபோல வெறுமையாகக் கிடந்தது.

ஜிப்பக்கா ஒரு அடி பின்வாங்கினாள்.

அப்போதுதான் தனக்குப் பக்கத்தில் இன்னொருத்தி நிற்பதைக் கவனித்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. நன்றாகத் துவைத்த பருத்திப் புடவை, கையில் ஒன்றுமில்லை. அந்த அம்மாளைக் கடைக்குள்ளிருந்து பல நாள் பார்த்திருக்கிறாள். தினமும் இதே நேரத்தில் இங்கே வந்து நின்று, கடை வாசலுக்கு மேலே சுவரைப் பார்த்தபடி இருப்பார். உள்ளே வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார்போல என நினைத்து ஜிப்பக்கா இரண்டு மூன்று முறை சிரித்தும் இருக்கிறாள்.

"ஏங்க, எல்லாரும் ஏன் அங்க இறங்கிப் போறாங்க? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

அந்த அம்மாள் அவளைத் திரும்பிப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சரிவில் இறங்கிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து சத்தம் கேட்கத் தொடங்கியது. முன்பே கேட்டிருக்கலாம், அவள்தான் காதில் வாங்காமல் இருந்திருக்கலாம். வாசலுக்கு மேலே, வெளியே, இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம். கனமான ஏதோ ஒன்று காற்றில் ஆடுவதுபோல ஒரு இழுப்பு, சற்று நிறுத்தம், மறுபடி ஒரு இழுப்பு. மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்ப்பாள். தங்க எழுத்துப் போர்டு சுவரோடு சுவராக ஒட்டி அசையாமல் இருக்கும். ஆடுவதற்கு அங்கே எதுவுமே இல்லை.

புருஷனிடம் சொன்னாள். அவன் ஒரு லீவு நாளில் கூடவே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டான்.

"இதோ! கேட்டீங்களா?"

"பஸ் சத்தம்."

"பஸ் இல்லைங்க. தேய்ஞ்ச வளையத்துல எதையோ தொங்க விட்ட மாதிரி."

"எனக்கு ஒண்ணும் கேக்கல. ஒரு நாள் முழுக்க ஆள் வராத கடையில தனியா உக்காந்திருந்தா எனக்கும்தான் கேக்கும்," என்றான். கிண்டலாகத் தொடங்கியவன் அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அந்த வாரக் கடைசியில் பிரஷ் ஏணியோடு வந்தான். வழக்கம்போலப் பேசிக்கொண்டே ஏறினான். இன்டர்நேஷனலை இறக்கி வைத்தால் இஸ்திரி போடும் பலகையாகவாவது ஆகும் என்றான். வாசலுக்கு இடது மூலையில், நீட்டி நிற்கிற போர்டு வரவேண்டிய இடத்தில் சுவரைத் தடவினான். அவன் வாய் சட்டென்று நின்றது.

"என்னப்பா?"

அவன் இன்னும் ஒரு படி ஏறினான். நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டினான். உள்ளே அறுத்துவிட்ட ஒரு இரும்புத் துண்டு தெரிந்தது. அதற்கு மேலே ஒரு முழம் தள்ளி, சிமெண்ட் வைத்து அடைத்த ஓட்டை. ஏணியிலிருந்து இறங்கி, சாலையை மேலும் கீழும் பார்த்தான். இதற்கு முன் அந்தத் தெருவைப் பார்த்திராதவன்போலப் பார்த்தான்.

"அக்கா, இந்த இடத்துல வேணாம்."

"நீதானே இங்கதான் தெரியும்னு சொன்ன?"

"தெரியும்தான். வேணாம்."

"காரணம் சொல்லாம நீ இங்கருந்து போக முடியாது," என்று அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

பிரஷ் நடைபாதையில் நின்று பேச விரும்பவில்லை. உள்ளே வந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு சொன்னான். சில வருஷங்களுக்கு முன் இந்தச் சாலையில் ஒரு பரிசுப்பொருள் கடை இருந்தது. அதன் சொந்தக்காரர் இரும்புச் சட்டத்தில் கனமான ஒரு நீட்டு போர்டு செய்து, ஆள் வைக்காமல் தானே மாட்டியிருந்தார். ஒருநாள் காற்று பலமாக அடித்தது. மேல் போல்ட் பிடுங்கிக்கொள்ள, போர்டு கீழே நின்றிருந்த ஒரு சின்னப் பெண்ணின் மேல் விழுந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து அம்மாவோடு வந்துகொண்டிருந்த பிள்ளை. அங்கேயே உயிர் போய்விட்டது. அப்போது ஊரில் போர்டு வேலை செய்கிற எல்லாரையும் கூப்பிட்டு விசாரித்தார்களாம். பிரஷ்ஷும் போய்க் கைகட்டி நின்றிருக்கிறான்.

"எந்தக் கடைன்னு எனக்குத் தெரியாதுக்கா. அந்த அறுத்த கம்பியைப் பாத்ததும்தான்..."

"அந்தப் பிள்ளையோட அம்மா?"

"எனக்குத் தெரியாது," என்றான் அவன். ஆனால் ஜிப்பக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

அதன்பிறகு பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வந்தாலே அவளுக்குக் கை ஓடாது. எதிர்ப்பக்கம் அந்த அம்மாள் வந்து நிற்பார். இவள் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். தான் சிரித்த சிரிப்பையெல்லாம் நினைத்து உடம்பு கூசும். பிள்ளை செத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு வியாபாரத்துக்கு அழைத்தவள் என்றுதானே நினைத்திருப்பார்? வாசலில் கூட்டம் வளைந்து போகும். மேலே அந்த இழுப்புச் சத்தம் வரும், நிற்கும், வரும்.

"வேற இடம் பாத்துடலாம்," என்றான் புருஷன். இப்போது அவன் கேலி செய்யவில்லை. "அந்தக் கட்டடக்காரன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவள் சரி என்றாள். பிரஷ்ஷுக்கும் போன் செய்து போர்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

கடையைக் காலி செய்வதற்காக நூல்கண்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் வெளியே ஆள் நிழல் தெரிந்தது. அந்த அம்மாள் நின்றிருந்தார். சாலையிலிருந்து நடைபாதையில் ஏறாமல், விளிம்புக்கு அப்பாலேயே நின்று கேட்டார்.

"போர்டு எப்போ போடறீங்க?"

ஜிப்பக்கா கையிலிருந்த நூல்கண்டைக் கீழே வைத்தாள். எழுந்து வெளியே வந்தாள். "போடலைங்கம்மா. சத்தியமா எங்களுக்கு எதுவும் தெரியாது. தெரிஞ்சிருந்தா இந்தக் கடையை எடுத்தே இருக்க மாட்டோம். காலி பண்ணிட்டுப் போயிடறோம்."

"இங்க கடை பாக்க வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க," என்றார் அவர். கோபம் இல்லாத குரல். "எல்லாரும் போயிடறாங்க. பாத்தீங்கல்ல எப்படி நடக்கிறாங்கன்னு? பாவப்பட்டு ஒதுங்கிப் போறாங்களாம். முதல்ல தெரிஞ்சவங்க ஒதுங்கினாங்க. இப்ப தெரியாதவங்களும் ஒதுங்கறாங்க. அவ இன்னும் அங்கயே கிடக்கிற மாதிரி எனக்குத் தோணுதுமா. யாரும் அவளைத் தாண்டிப் போக மாட்டேங்கறாங்க."

ஜிப்பக்கா அவரது கையைப் பிடித்து உள்ளே அழைக்கப் பார்த்தாள். அவர் கால் நடைபாதை விளிம்பில் நின்றுவிட்டது. மேலே வைக்கப் போனார், எடுத்துக்கொண்டார். கடைசியில் ஜிப்பக்காதான் ஸ்டூலை எடுத்துவந்து சாலை ஓரத்தில் போட்டாள். இன்னொரு ஸ்டூல் இல்லாததால் தானும் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள்.

"அப்பதான் படிக்கக் கத்துக்கிட்டா," என்று அந்த அம்மாள் பேசத் தொடங்கினார். "எழுத்துக் கூட்டிக் கூட்டி. வழியில ஒரு போர்டை விட மாட்டா. முடி வெட்டும் கடை, மருந்துக் கடை, 'இங்கே வண்டியை நிறுத்தாதீர்' எல்லாத்தையும் சத்தமா படிச்சாகணும். 'நடடி, இந்தத் தெருவை நீ குத்தகைக்கு எடுத்திருக்கியா?'ன்னு நான் இழுத்துக்கிட்டே வருவேன். புதுசா வந்த அந்த போர்டை மட்டும் அவளால படிக்க முடியல. எழுத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னி, வாலும் சுழியுமா இருக்கும். பெரியவங்களுக்கே புரியாது. தினம் நின்னு பாப்பா. அன்னிக்கும் 'இரும்மா, இன்னும் ஒரே ஒரு எழுத்து'ன்னா. நான் கையை விட்டுட்டு ரெண்டடி முன்னாடி நடந்தேன்."

சாலையில் ஒரு பஸ் ஏறிப் போனது.

"படிக்க முடிஞ்சிருந்தா நின்னிருக்க மாட்டா. படிச்சிட்டு ஓடி வந்திருப்பா," என்றார் அந்த அம்மாள். "நீங்க போர்டு போடுங்க. அங்கயே போடுங்க. எழுத்தைப் பெரிசாப் போடுங்க, சின்னப்பிள்ளை பாத்தவுடனே படிக்கிற மாதிரி. நல்லா முடுக்குங்க. முடுக்கும்போது நான் இருக்கணும். எனக்கு அது மட்டும் போதும்."

அன்று சாயங்காலம் ஜிப்பக்கா நூல்கண்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள். புருஷன் எழுந்துபோய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தான். வெகுநேரம் கழித்து, "சுவத்துல முழுசா ஓட்டை போட்டு, உள்பக்கம் இரும்புத் தகடு வெச்சு முடுக்கணும். லிஃப்ட்ல போடற மாதிரி டபுள் நட்டு. நானே போடறேன்," என்றான்.

என்ன எழுதுவது என்பதில் இந்தமுறை சண்டை வரவில்லை. பிரஷ் பலவற்றை எழுதி எழுதிக் காட்டினான். 'பழுது பார்க்கப்படும்' என்று ஒன்று இருந்தது. ஜிப்பக்கா அதை அடித்தாள். "பழுதுன்னா அந்த வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" கடைசியில் மஞ்சள் பின்னணியில் கருப்பு எழுத்து என்று முடிவாயிற்று. மேலே ஒரு பையின் படம், பிறகு 'பை', அதன் கீழே 'குடை', அதன் கீழே 'தைத்துத் தருவோம்'. வால் இல்லை, சுழி இல்லை, நிழல் இல்லை. பிரஷ் மாதிரியை அட்டையில் வெட்டி, புருஷன் அதைத் தூக்கிப் பிடிக்க, ஜிப்பக்கா பஸ் நிறுத்தம் வரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள். எழுத்து தெளிவாகத் தெரிந்தது. ஆனால் 'தைத்துத்' நெருக்கமாக இருந்ததால், இன்னும் சற்று இடம் விடச் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டினார்கள். அந்த அம்மாள் முன்பே வந்து எதிர்ப்பக்கம் நின்றிருந்தார். பிரஷ் அன்று ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அறுத்த கம்பியைச் சுற்றிப் பூசியிருந்த சிமெண்டை உளி வைத்து வெகுநேரம் கொத்த வேண்டியிருந்தது. அது அசையாமல் இறுகிக் கிடந்தது. ஜிப்பக்கா கேட்ட சத்தம் அதிலிருந்து வந்திருக்க வழியே இல்லை. ஒருவழியாகப் பிடுங்கி எடுத்தபோது, அந்த அம்மாள் சாலையைத் தாண்டி வந்து கையை நீட்டினார்.

பிரஷ் தயங்கிவிட்டுக் கொடுத்தான். அந்தக் கம்பி அவருடைய சுண்டுவிரல் அளவுகூட இல்லை.

"இவ்வளவுதானா?" என்றார்.

"ஆமாம்மா. பூச்சு வரைக்கும்தான் போயிருக்கு. செங்கல்லைத் தொடவே இல்லை."

அதைக் கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பிரஷ்ஷிடமே திருப்பிக் கொடுத்தார். "தூரப் போட்டுடுங்க."

புதிய போல்ட்டுகள் சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போயின. உள்ளே தகடு, அதன்மேல் நட்டு, அதன்மேல் இன்னொரு நட்டு. போர்டு ஆடாதபடி மேலும் கீழும் சட்டத்தில் இறுக்கினார்கள். முடிந்ததும் பிரஷ் கையுயர்த்திச் சட்டத்தைப் பிடித்துத் தொங்கினான். அவன் இறங்கியதும் புருஷன் தொங்கினான். அவன் கனத்துக்குச் சுவரே முனகும் என்று ஜிப்பக்கா நினைத்தாள். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

"நான்," என்றார் அந்த அம்மாள்.

ஜிப்பக்கா ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். அது நடைபாதையின் நடுவில், அந்த வெறுமையான இடத்திலேயே நின்றது. அந்த அம்மாள் விளிம்பருகே வந்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு காலை மேலே வைத்தார். பிறகு மற்றதை. ஸ்டூலில் ஏறி இரண்டு கைகளாலும் இரும்பைப் பற்றிக்கொண்டார்.

"எடுங்க," என்றார்.

புருஷன் ஸ்டூலை நகர்த்தினான். அவர் தொங்கினார். புடவைக் கரைக்குக் கீழே கால்கள் ஆடின. பிறகு ஆட்டம் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, தன் கனம் முழுவதையும் அந்தச் சுவரின்மேல் போட்டு அவர் இழுத்தார். அதைப் பிடுங்கிக்கொண்டு விழுந்துவிட வேண்டும் என்பதுபோல இழுத்தார். சுவர் விடவில்லை. "போதும்மா, போதும்," என்று ஜிப்பக்கா அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்து இறக்கினாள். இறக்கிய பிறகும் அவர் கைவிரல்கள் இரும்பைப் பிடித்த வளைவிலேயே இருந்தன.

மூச்சு அடங்கியதும் அவர் போர்டுக்குக் கீழே நின்றபடியே நிமிர்ந்து பார்த்தார். உதடு அசைந்தது. அந்த மூன்று வரிகளையும் அவர் எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படித்தார். பிறகு நடைபாதை வழியாகவே சரிவில் இறங்கிப் போனார்.

ஆட்கள் உடனே மாறிவிடவில்லை. கால்களுக்குப் பழகிய பழக்கம் அத்தனை எளிதில் விடுமா? ஆனால் மேலிருந்தும் கீழிருந்தும் போர்டைப் பார்த்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ரன்னர் கழன்ற பள்ளிக்கூடப் பை, சக்கரம் உடைந்த பெட்டி, கம்பி மடங்கிய குடை என்று வந்தது. உள்ளே வருகிறவர்கள் நடைபாதையில் ஏறித்தானே வரவேண்டும்? இரண்டு மூன்று பேர் வாசலில் நின்றால் பின்னால் வருகிறவர்கள் அவர்களை இடித்துக்கொண்டு போனார்கள். சத்தம் முதல் சில நாட்கள் கேட்டது. பிறகு வேலை அதிகமாகிவிட்டது. ஒருநாள் எதையோ தைத்துக்கொண்டிருந்தபோது, அதைக் கேட்டு வெகுநாளாயிற்று என்பது ஜிப்பக்காவுக்கு நினைவு வந்தது.

அந்த அம்மாள் இப்போது எதிர்ப்பக்கம் நிற்பதில்லை. அதே நேரத்துக்குக் கடைக்கு வருவார். சுவரோரம் உட்கார்ந்து, பழைய ஜிப்புகளின் தையலைப் பிளேடால் பிரித்துக் கொடுப்பார். யாரும் கேட்காமல் அவரே எடுத்துக்கொண்ட வேலை. வெளியே பிள்ளைகள் கூட்டம் போகும் சமயத்தில் மட்டும் பிளேடை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூட்டம் போன பிறகு தொடர்வார். ஜிப்பக்கா அந்த நேரத்தில் மெஷினை ஓட்ட மாட்டாள்.

மழை வருவதுபோல வானம் மூடிக்கொண்டிருந்த ஒருநாள், பாதி பிரித்த ஜிப்பை மடியில் போட்டுக்கொண்டே அவர் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். பள்ளிக்கூட மணி அடித்தது. ஜிப்பக்கா எழுப்பலாமா என்று எழுந்தாள். பக்கத்தில் போய்ப் பார்த்தாள். வாய் சற்றே திறந்திருக்க, குழந்தைபோல ஆழ்ந்த தூக்கம். மெதுவாக அவர் கைக்கருகே இருந்த பிளேடை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

வெளியே பிள்ளைகள் கத்திக்கொண்டு போனார்கள். பையை வாங்க வந்த ஒருவர் உரக்கப் பேசத் தொடங்க, ஜிப்பக்கா உதட்டில் விரலை வைத்தாள். அவரும் சைகையிலேயே பையை வாங்கிக்கொண்டு போனார். சத்தம் மெல்ல ஓய்ந்தது. தெரு காலியாயிற்று. மழை தூறத் தொடங்கியது.

அதன்பிறகுதான் அந்த அம்மாள் விழித்தார். திடுக்கிட்டு வாசலைப் பார்த்தார்.

"பள்ளிக்கூடம் விட்டாச்சா?"

"விட்டு ரொம்ப நேரமாச்சு."

அவர் எழுந்திருக்கப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தார். முகத்தில் பயம் தெரிந்தது, செய்யக்கூடாததைச் செய்துவிட்டவர்போல.

"நான் தூங்கிட்டேன்," என்றார் மெதுவாக. "அந்த நேரத்துல தூங்கிட்டேனே."

"ஆமாக்கா," என்றாள் ஜிப்பக்கா. "நல்லாத் தூங்கினீங்க."